உறக்கம் எனப்படும் குளிர்: ஆங்கிலத் தோட்டத்து ஆமைகள்

டொராண்டோவிலிருந்து ஈழத்து நண்பர் ஒருவர் அவ்வப்போது தொலைபேசியில் பேசுவார். வயதில் மூத்தவர், அண்ணை என்றுதான் கூப்பிடுகிறேன். முன்பு அவர் குடியிருந்த வீட்டின் உரிமையாளர் ஓர் ஆமை வளர்த்தாராம். கிணற்றாமை மாதிரிக் கையகலப் பிராணி இல்லை. நாற்பது கிலோ எடை. சகாரா பாலைவனத்தின் தெற்கு விளிம்பைச் சொந்த ஊராகக் கொண்ட தரையாமை. "எங்கட ஊரில ஆமை வீட்டுக்குள்ள வந்தா கூடாது எண்டுவினம். இஞ்ச அதுக்கு ஹீற்றர் போட்டுத் தனி அறை. நான் கீழ பேஸ்மென்ற்றில" என்றார். இருவரும் சிரித்தோம். பிறகு அவர் 2013 டிசம்பரில் நடந்த ஒன்றைச் சொன்னார். சிரிப்பு நின்றுவிட்டது. அதற்குக் கடைசியில் வருகிறேன்.

எம்.ஏ.வில் தமிழ் படித்தவனுக்கு ஆமை என்றால் அடக்கமுடைமை அதிகாரத்து உவமைதான். ஐந்தையும் உள்ளே இழுத்துக்கொள்ளும் பிராணி, புலனடக்கத்தின் சின்னம். பரீட்சையில் எழுதினால் மார்க் விழும். ஆமை எதற்காக உள்ளே இழுத்துக்கொள்கிறது என்று வகுப்பில் யாரும் கேட்டதில்லை, நானும் கேட்டதில்லை. அண்ணையோடு பேசிய பிறகு குளிர்நாட்டில் ஆமை வளர்த்தவர்களின் வரலாற்றைத் தேடிப் படிக்கத் தொடங்கினேன். ஓர் உடலுக்கு நேர்கிற நெருக்கடியை அந்த உடலின் குணமாக வாசிக்கிற இதே பழக்கம் அங்கும் இருக்கிறது. முந்நூறு வருடம் தொடர்ந்து, அன்போடும் அக்கறையோடும், படித்தவர்களே செய்திருக்கிறார்கள்.

முதலில் லாம்பெத். வில்லியம் லாட் 1633ல் கேன்டர்பரிப் பேராயராகி லண்டன் லாம்பெத் அரண்மனைக்குக் குடிவந்தபோது ஓர் ஆமையையும் கொண்டுவந்தார் என்பார்கள். லாட் 1645ல் தலை வெட்டப்பட்டுச் செத்தார். அவருடைய அரசரின் தலை 1649ல் போயிற்று. குடியரசு வந்தது, முடியாட்சி திரும்பியது, வம்சங்கள் மாறின. ஆமை இருந்துகொண்டிருந்தது. 1753ல், தோட்டக்காரரின் கவனக்குறைவால் செத்தது என்பது எழுதிவைக்கப்பட்ட காரணம். குளிர்காலத்தில் மண்ணுக்குள் கிடந்ததைத் தோண்டி வெளியே போட்டுவிட்டார், பனியில் விறைத்துவிட்டது என்று கதை. ஓட்டைப் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். நூற்றிருபது ஆண்டும் ஒரே ஆமைதானா என்ற சந்தேகத்தை விட்டுவிடுவோம். என்னை உறுத்துவது வேறு. நூற்றிருபது குளிர்காலம் அதைக் காப்பாற்றியது யார் என்பதற்குப் பதிவே கிடையாது. கொன்றவர் மட்டும் தோட்டக்காரர். காப்பாற்றியவர்களும் தோட்டக்காரர்களாகத்தான் இருந்திருக்க வேண்டும், இல்லையா? பேராயர்கள் மண்வெட்டி பிடித்ததாகத் தெரியவில்லை.

அடுத்தது, இந்த வரலாற்றில் அதிகம் எழுதப்பட்ட ஆமை. ஹாம்ப்ஷயரில் செல்போர்ன் (செல்போன் அல்ல) என்ற கிராமத்தில் துணைப் பாதிரியாக இருந்த கில்பர்ட் ஒயிட் (1720–1793), தன் ஊரின் பறவை, புழு, மழை, பனி எல்லாவற்றையும் கடிதங்களாக எழுதி 1789 என்று தேதியிட்டுப் புத்தகமாக்கினார். அவருடைய அத்தை ரெபெக்கா ஸ்னூக், சஸெக்ஸில் ரிங்மர் என்ற ஊரில் இருந்தார். அத்தை வீட்டின் சுவர் சூழ்ந்த சின்ன முற்றத்தில் ஓர் ஆமை. முப்பது வருடமாக அங்கேயே இருக்கிறது, நவம்பர் நடுவில் மண்ணுக்குள் போகிறது, ஏப்ரல் நடுவில் வெளியே வருகிறது என்று 1770ல் குறிக்கிறார் ஒயிட்.

நவம்பர் நடுவிலிருந்து ஏப்ரல் நடு. ஐந்து மாதம். இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். அந்த ஆமை மத்தியதரைக் கடலோரத்து இனம். ஆமைக்கு உடம்புக்குள் அடுப்பு கிடையாது. வெளியிலிருந்து வாங்கும் சூட்டில்தான் நடக்கும், தின்னும், தின்றதைச் செரிக்கும். சொந்த மண்ணில் அது குளிருக்கு ஒதுங்குவது பெரும்பாலும் இரண்டு மூன்று மாதம். சூடான கடலோரங்களில் அதுவும் இல்லை. இங்கிலாந்து அதை ஐந்தாக நீட்டியது. வெளியே வந்த பிறகும் மேகமூட்டமான கோடையில் வயிறு போதிய சூடு ஏறாமல் அரைகுறையாகத்தான் வேலை செய்யும். ஒயிட்டுக்கு இதெல்லாம் தெரிய வழியில்லை. அவர் கண்ணுக்கு ஐந்து மாத மயக்கம் ஆமையின் சுபாவம். ஆயுளில் மூன்றில் இரண்டு பங்குக்கும் மேல் சந்தோஷமில்லாத மந்தத்தில் வீணாக்கும் ஒரு ஜந்துவுக்கு ஆண்டவன் எதற்காக இத்தனை நீண்ட ஆயுளைக் கொடுத்தான் என்று வியக்கிறார். கேள்வி நேரே ஆண்டவனிடம் போய்விடுகிறது. அந்த மந்தத்தைத் தந்தது சஸெக்ஸின் வானமும் அத்தை வீட்டுச் சுவரும் என்ற பக்கம் கேள்வி திரும்பவே இல்லை. சிறைவைத்த இடத்தின் விளைவைச் சிறைப்பட்டதன் இயல்பாக எழுதுவது இப்படித்தான் நடக்கிறது. இதற்குக் கெட்ட எண்ணம் எதுவும் தேவையில்லை.

ஒயிட்டைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை. அவரைப் போலக் கவனித்தவர்கள் குறைவு. வண்டிச்சக்கரம் ஏறினாலும் தாங்கக்கூடிய ஓடு வைத்துக்கொண்டு நாலு சொட்டு மழைக்கு அது பயந்து ஓடி ஒளிவதைப் பார்த்திருக்கிறார். முப்பது வருடத்துக்கு மேல் தீனி போட்ட கிழவியை அடையாளம் கண்டு அவரை நோக்கி மட்டும் தட்டுத்தடுமாறி வேகமாக நடப்பதைப் பார்த்திருக்கிறார். 1771 நவம்பரில் அது குழி தோண்டியதை, கடிகாரத்தின் சின்ன முள்ளைவிடக் கொஞ்சம்தான் வேகம் என்கிற அளவுக்குப் பொறுமையாக உட்கார்ந்து பார்த்திருக்கிறார். இலையுதிர்காலத்தில் அது சுவரில் ஓட்டைச் சாய்த்து நிறுத்திக்கொண்டு, தாழ்ந்த வெயில் முழுவதும் முதுகில் விழும்படி செய்துகொள்வதையும் குறிக்கிறார். இது எனக்கு முக்கியமாகப் படுகிறது. தனக்கு என்ன தேவை என்று ஆமை தன் உடம்பாலேயே சொல்லிக்கொண்டிருந்தது. தனக்கு வேண்டிய சூட்டின் அளவு அதற்குத் தெரிந்திருந்தது. ஒயிட் அதை ஒரு புத்திசாலித்தனமான பழக்கமாக எழுதிவைத்துவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார்.

1780 மார்ச்சில் அத்தை இறந்தார். ஆமை சொத்தாக ஒயிட்டுக்கு வந்தது. ஏப்ரல் வரை பொறுக்காமல் அந்த மார்ச்சிலேயே உறக்கத்திலிருந்ததைத் தோண்டி எடுத்தார். சீறிக் காட்டும் அளவுக்கு அது விழித்திருந்தது. மண் நிரப்பிய பெட்டியில் வைத்து, வாடகைக் குதிரைவண்டிகளில் எண்பது மைல் கொண்டுபோனார். குலுக்கலில் முழுக்க விழித்துவிட்டது. செல்போர்னில் இறக்கிவிட்டதும் தோட்டத்தின் கோடிவரை இரண்டுமுறை நடந்துபார்த்துவிட்டு, அன்று மாலையே குளிருக்கு மறுபடி மண்ணுக்குள் போய்விட்டது. லாம்பெத்தின் தோட்டக்காரர் செய்ததும் ஏறக்குறைய இதுதான். அங்கே அதற்குப் பெயர் கவனக்குறைவு, இங்கே ஆராய்ச்சி.

செல்போர்னில் அதன் பெயர் திமோதி. எடை போட்டார்கள். தண்ணீர்த் தொட்டியில் போட்டு நீந்துமா என்று பார்த்தார்கள். மூழ்கி, தொட்டியின் அடியில் திகைத்து நடந்தது. ஊதுகுழல் வைத்துக் கத்திப் பார்த்தார்கள், கண்டுகொள்ளவில்லை. 1783ல் ஐஸ்லாந்தின் லாக்கி எரிமலை வெடித்து ஐரோப்பா முழுக்கப் புகைமூட்டம் படர்ந்தபோதும், 1784 டிசம்பரில் ஒயிட்டின் வெப்பமானி பாரன்ஹீட் சுழியம்வரை இறங்கியபோதும் (நம் கணக்கில் மைனஸ் பதினெட்டு டிகிரி) அது அந்தத் தோட்டத்தில்தான் இருந்தது. பனி இறங்காத ஆழத்துக்குத் தோண்டத் தெரிந்திருந்ததால் பிழைத்தது. தோட்டத்தைப் பார்த்துக்கொண்டவர் தாமஸ் ஹோர் என்ற வேலையாள். ஒயிட்டின் நாட்குறிப்புகளில் அவர் வந்துபோகிறார். அவர் என்ன நினைத்தார் என்பது எங்கும் இல்லை.

அதே 1784ன் மே மாதம் திமோதி தோட்டத்துச் சின்னக் கதவு வழியாக வெளியே போய்விட்டது. ஒரு வாரத்துக்கு மேல் தேடிப் பயறு வயலில் கண்டுபிடித்தார்கள். இதன் பிறகு, ஆகஸ்டில், ஒயிட் ஒரு கடிதம் எழுதுகிறார். நண்பர் ஜான் முல்ஸோவின் மகளுக்கு, திமோதியே எழுதுவதாக. தான் வர்ஜீனியாவில் ஒரு புகையிலைத் தோட்டத்தின் பக்கத்தில் பிறந்ததாகவும், கப்பலில் கொண்டுவரப்பட்டு அரை கிரவுன் காசுக்கு விற்கப்பட்டதாகவும் அந்தத் திமோதி சொல்கிறது. எஜமானர் தன்னை நிறுத்துப் பார்ப்பதும் தண்ணீரில் போடுவதும் பற்றி அலுத்துக்கொள்கிறது. வேடிக்கையான, மென்மையான கடிதம்தான். ஸ்பிவாக் 1988ல் கேட்ட கேள்வியை ஆமைக்குப் பொருத்தும் அசட்டுத்தனத்தை நான் செய்யப் போவதில்லை. அது மனிதர்களைப் பற்றிய கேள்வி, அங்கேயே இருக்கட்டும். ஆனால் இந்தப் பிரதியில் ஒன்று நடக்கிறது. தான் செய்ததையெல்லாம் வரிசையாக ஒப்புக்கொள்ள ஒயிட்டுக்கு ஓர் ஆமையின் வாய் தேவைப்படுகிறது. கடத்தல், விற்பனை, தனிமை, சோதனை எல்லாம் அவருக்குத் தெரிந்திருந்தது. நகைச்சுவையாக மட்டும்தான் தெரிந்துகொள்ள முடிந்தது. புகையிலைத் தோட்டத்தின் பக்கத்தில் என்று கற்பனை செய்கிறாரே, அந்த நூற்றாண்டின் வர்ஜீனியாவில் அந்தத் தோட்டங்களில் வேலை செய்தவர்கள் எப்படிக் கப்பலேறி வந்தவர்கள் என்பதை விளக்க வேண்டியதில்லை.

ஒயிட் 1793ல் காலமானார். திமோதி அடுத்த வருடம் செத்தது. ஓடு லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அது பெண் ஆமை என்பது செத்த பிறகே தெரியவந்தது.

இந்த இடத்தில் தமிழில் எழுதுகிறவனுக்கு ஒரு சிக்கல். மேலே நான் முழுக்க 'அது' என்றே எழுதிவந்திருக்கிறேன். அஃறிணைக்கு அது போதும். அதனால் ஆங்கிலத்தில் 'அவன்' என்று அழைத்து அறுபது வருடத்துக்கு நெருங்கிய அந்தப் பிழை தமிழில் தெரியாமலே போகிறது. விலங்குகளின் ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனி மரபுப்பெயர் வகுத்தது தொல்காப்பிய மரபியல். ஆனாலும் வினைமுற்றுக்கு வரும்போது எல்லாம் 'அது'தான். நம் இலக்கணம் இந்தத் தவறைச் செய்யாது. அது கேள்வியையே கேட்காது என்பதும் உண்மை. வசந்தம் வந்தால் திமோதி விடியற்காலையில் எழுந்து அலைவதை இணைதேடும் ஆணின் தவிப்பாக ஒயிட் வாசித்தார். சுற்றுவட்டாரத்தில் தன் இனத்தில் ஒன்றுகூட இல்லாத ஒரு பெண், அரை நூற்றாண்டுக்கும் மேலாக, மண்ணைத் தோண்டியும் மூடியும் இருந்திருக்கிறது.

இது தனிப்பட்ட விபத்து என்றால் விட்டுவிடலாம். 1854ல் கிரைமியப் போரின்போது செவஸ்தபோல் குண்டுவீச்சில் பங்கெடுத்த 'குவீன்' என்ற போர்க்கப்பலில் ஓர் ஆமை இருந்தது. அதன் பெயரும் திமோதி. ஓய்வு பெற்று டெவன் மாவட்டத்துப் பவுடர்ஹாம் கோட்டைத் தோட்டத்தில் வாழ்ந்தது. 1926ல்தான் பெண் என்று கண்டுபிடித்தார்கள். பெயரை மாற்றவில்லை. 2004 ஏப்ரலில், ஏறக்குறைய நூற்றறுபது வயதில் செத்தது. கோட்டைக்காரர்களின் குலவாசகத்தை அதன் அடிவயிற்று ஓட்டில் பொறித்திருந்தார்கள். எங்கே வந்து விழுந்தேன், என்ன செய்துவிட்டேன் என்று கேட்கும் லத்தீன் வாசகம். பிரபு குடும்பம் தன்னைப் பற்றிக் கேட்டுக்கொண்டதுதான். அதை ஓர் ஆமையின் வயிற்றில் எழுதும்போது என்ன ஆகிறது என்று அவர்கள் யோசித்திருப்பார்களா தெரியவில்லை.

ராட்சத ஆமைகளின் கதை வேறு. கலாபகோஸிலிருந்தும் அல்டாப்ராவிலிருந்தும் வந்தவை குளிருறக்கமே கொள்ளாதவை. மண்ணுக்குள் போகவும் தெரியாது. கொதிகலன் வைத்துச் சூடேற்றிய கட்டடம் இல்லாமல் ஆங்கிலக் குளிர்காலத்தைத் தாண்டாது. ஆகவே அது மிருகக்காட்சிசாலைகளும் கோடீஸ்வரர்களும் ஆடிய விளையாட்டு. வால்ட்டர் ராத்ஸ்சைல்டு தொப்பி வைத்துக்கொண்டு ஒரு ராட்சத ஆமையின் மேல் சவாரி போகும் புகைப்படம் பலருக்கும் தெரிந்திருக்கும். கீரையைக் குச்சியில் கட்டி அதன் முகத்துக்கு முன்னால் நீட்டியிருப்பார். அந்தப் படத்துக்கு உரை எழுத வேண்டியதில்லை.

கணக்கு பெரிதாவது சின்ன ஆமைகளில்தான். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேயே லண்டன் தெருக்களில் தள்ளுவண்டியில் ஆமை விற்றார்கள். சமையலறைக் கரப்பானைத் தின்றுவிடும் என்று சொல்லி விற்றார்களாம். இலைதழை தின்னும் பிராணி! இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு மொராக்கோ, கிரேக்கம், துருக்கி, யூகோஸ்லாவியா என்று காட்டில் பிடித்து, கூடைகளிலும் பெட்டிகளிலும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, லட்சக்கணக்கில் கொண்டுவந்தார்கள். சில ஷில்லிங் விலை. நாய்க்கு இடம் இல்லாத வீட்டில் குழந்தைக்கு ஓர் ஆமை. பெரும்பாலானவை முதல் ஓரிரு குளிர்காலத்தைத் தாண்டவில்லை. தாண்டியவற்றிலும் பல மெல்ல மெல்லச் செத்தன. ஏனென்றால் ஆமை பட்டினியில் சாக ஒரு வருடம், இரண்டு வருடம்கூட எடுத்துக்கொள்ளும். கோடையில் போதிய அளவு தின்று செரிக்கவில்லை என்றால், உடம்பில் சேமிப்பு இல்லாமலே பெட்டிக்குள் போகும். பனி நேரடியாகப் பட்டால் கண் போய்விடும். குருடான ஆமை வசந்தத்தில் தீனி தேடாது. இன்னும் தூக்கக் கலக்கம் போகவில்லை என்று வீட்டார் நினைப்பார்கள். நாய் பட்டினி கிடந்தால் குரைக்கும், பூனை பக்கத்து வீட்டுக்குப் போகும். ஆமையின் சாவு பார்ப்பவர் கண்ணுக்கு ஆமையின் வாழ்க்கை மாதிரியே இருக்கும். ஆமை நூறு வயது வாழும் என்று எல்லோருக்கும் தெரியும். அந்த ஒரு பொது அறிவு அத்தனை சாவையும் மூடிவிட்டது.

பிபிசியின் 'புளூ பீட்டர்' என்ற குழந்தைகள் நிகழ்ச்சியில் 1963லிருந்து ஓர் ஆமை இருந்தது. ஒவ்வொரு வருடமும் அதைப் பெட்டியில் வைக்கோலுக்குள் உறங்கவைப்பதைக் காட்டுவார்கள், வசந்தத்தில் திறப்பார்கள். ஒரு தலைமுறை பிரிட்டிஷ் பிள்ளைகள் ஆமை வளர்ப்பைக் கற்றது அங்கேதான். அதற்கு ஃப்ரெட் என்று பெயர் வைத்திருந்தார்கள். பிறகு ஃப்ரீடா என்று மாற்ற வேண்டி வந்தது. ஏன் என்று வாசகருக்குச் சொல்ல வேண்டாம்.

ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகத்தின் சட்டம் 1984 ஜனவரி முதல் தேதி நடைமுறைக்கு வந்து இந்த இறக்குமதியை நிறுத்தியது. அதற்குச் சில ஆண்டு முன்பு ஆலிஃபன்ட் ஜாக்சன் என்ற கால்நடை மருத்துவர் எளிய வேலை ஒன்றைச் செய்திருந்தார். ஓட்டின் நீளத்துக்கும் உடல் எடைக்கும் உள்ள விகிதத்தை வரைபடமாக்கினார். கோட்டுக்குக் கீழே இருக்கும் ஆமையை உறங்கவைக்காதே, எழாது. ஒயிட் வசந்தத்திலும் இலையுதிர்காலத்திலும் செய்த அதே எடைபோடல்தான். இருநூறு வருடம் கழித்து அந்த எண் ஆமையின் பக்கம் நின்று பேசியது. ஆமையின் முகத்தைப் பார்த்தால் எதுவும் தெரியாது என்று ஒத்துக்கொண்டதில் ஆரம்பித்த அறிவு அது. அன்பைவிடத் தராசு மேலானதாக இருக்கிற சமயங்கள் உண்டு என்று நான் சொன்னால் நம் கவிஞர்கள் கோபித்துக்கொள்வார்கள். இருந்தாலும் சொல்கிறேன்.

இன்று கவனமாக வளர்க்கிறவர்கள் பலர் மத்தியதரை ஆமையை வீட்டுக் குளிர்பதனப் பெட்டியில் உறங்கவைக்கிறார்கள். ஐந்து டிகிரியில் நிலையாக நிறுத்தி, காற்றுக்காகத் தினமும் கதவைத் திறந்து மூடி, வாராவாரம் எடை பார்த்து. ஆங்கிலக் குளிர் ஒருநாள் உறையவைக்கும், மறுநாள் பத்து டிகிரிக்கு ஏறி எழுப்பிவிடும். அதை நம்ப முடியாது. வெயில் நாட்டிலிருந்து வந்ததைக் குளிர்நாட்டின் குளிரிலிருந்து காப்பாற்ற ஃபிரிட்ஜுக்குள் வைக்க வேண்டியிருக்கிறது.

அண்ணை சொன்ன ஆமைக்கு அதுவும் முடியாது. ஸல்காட்டா என்ற அந்த இனம் செனகலிலிருந்து எத்தியோப்பியாவரை சகேல் வறண்ட நிலத்தில் வாழ்வது. வெயிலுக்குத் தப்பப் பல அடி வளை தோண்டும். குளிருறக்கம் அதன் உடம்பிலேயே கிடையாது. காட்டிலிருந்து பிடித்து விற்பதற்கு 2000ல் சர்வதேச ஒப்பந்தம் சுழியம் என்று அளவு வைத்தது. அதற்குள் அமெரிக்காவில் வளர்ப்பிலேயே ஏராளமாகக் குஞ்சு பொரிக்கத் தொடங்கிவிட்டன. உள்ளங்கையில் அடங்கும் குஞ்சாக விற்பார்கள். வாங்குகிறவர் நாற்பது கிலோவையோ எழுபது வருடத்தையோ ஆறு மாத ஹீட்டர் செலவையோ வாங்குவதாக நினைப்பதில்லை. (நம் பக்கத்து நட்சத்திர ஆமைகளைச் சென்னை விமான நிலையம் வழியாகப் பெட்டியில் அடைத்துக் கடத்துவது இதே சந்தையின் இன்னொரு முனை. அது தனிக் கட்டுரை.)

2013 டிசம்பர் மூன்றாம் வாரம் டொராண்டோவில் உறைமழை பெய்தது. மரக்கிளைகள் பனிக்கட்டி கனத்தில் ஒடிந்து கம்பிகளின் மேல் விழுந்தன. சுமார் மூன்று லட்சம் இணைப்புகளுக்கு மின்சாரம் இல்லை; சில இடங்களில் கிறிஸ்துமஸ் கழிந்தும் வரவில்லை. வீட்டுக்காரர் ஊரில் இல்லை. சூட்டுக்காற்று தள்ளும் இயந்திரத்துக்கும் மின்சாரம் வேண்டும். மேலே அறையில் ஆமை, கீழே அண்ணை. தொலைபேசியில் வீட்டுக்காரர் மன்றாடியிருக்கிறார்.

அடுத்த வீட்டுப் பையனைக் கூப்பிட்டு இருவருமாகப் போர்வையில் சுற்றித் தூக்கிக் கீழே கொண்டுவந்திருக்கிறார்கள். எரிவாயு அடுப்பைத் தீக்குச்சியால் பற்றவைத்து வெந்நீர் போட்டு, சோடாப் போத்தல்களில் நிரப்பித் துணி சுற்றி, ஓட்டைச் சுற்றி அடுக்கியிருக்கிறார். மூன்று மணிக்கொரு தரம் மாற்ற வேண்டும். இரவில் அதையும் தன்னையும் ஒரே மூலையில் போட்டுக்கொண்டு மேலே எல்லாக் கம்பளியையும் இழுத்துவிட்டிருக்கிறார். பகலில் ஒருமுறை வெளியே நிறுத்தியிருந்த வானில் ஏற்றி எஞ்சினை ஓட்டிச் சூடு காட்டினாராம். "அதால எனக்கும் கொஞ்சம் சூடு" என்றார். அவருக்கு அந்தக் குளிர் பழகவே இல்லை. வந்து இருபது வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது.

தலை உள்ளே, கால் உள்ளே, தட்டினால் அசைவில்லை என்று அவர் சொல்லிக்கொண்டுபோனபோது, உயிரோடு இருக்கிறதென்று எப்படித் தெரிந்தது என்று கேட்டேன்.

"தெரியேல்ல தம்பி. தெரியாமத்தான் தண்ணி மாத்தினனான். மூண்டாம் நாள் கரண்ட் வந்து, லைற்றுக்குக் கீழ வைச்சு, ஒரு மத்தியானம் முழுக்கப் பாத்துக்கொண்டிருந்தன். பின்னேரம் ஒரு கோவா இலையைக் கடிச்சுது. அப்பதான் தெரியும்."